மணி அடிக்காத அலை

கோடை விடுமுறை விட்டாயிற்று என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், தகப்பனார்களுக்குத் திண்டாட்டம். அதிலும் தகப்பனார் உபாத்தியாயராக அமைந்துவிட்டால் தப்பித்துக்கொள்ள வழியே கிடையாது. ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் "ரஜா கிடைக்கவில்லை" என்று சொல்லி நழுவிவிடலாம். நமக்கும் குழந்தைகளுக்கும் ஒரே விடுமுறை என்பதைப் பள்ளிக்கூடத்துக் காலண்டரே சாட்சி சொல்லிவிடுகிறது.

சென்ற கோடையில் நமது குழந்தைகள் இருவரும் ஒரு மனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, இளையவனுக்கு ஒன்பது. கன்னியாகுமரியில் சூரியாஸ்தமனம் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'பேவாட்ச்' என்று ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா உண்டு. அங்கே செயற்கையாக அலை எழும் குளம் இருக்கிறது. அதில் குதித்தே தீர வேண்டும் என்பது தீர்மானம். வைகையில் முழங்கால் அளவு நீர் வந்துவிட்டாலே பாலத்தின்மேல் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும் ஊர் நம்முடையது. மதுரைக் குழந்தைகள் தண்ணீருக்கு ஏங்குவதில் ஆச்சரியம் இல்லை.

தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தவர் நமது சகதர்மிணி. "இவ்வளவு தூரம் போய் ஒரு நாளில் திரும்பினால் ரயில் சத்தத்துக்குக்கூடக் கட்டுப்படியாகாது. மண்டைக்காட்டு அம்மனையும் தரிசித்துக் கடற்கரையில் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாமே!" என்றார். நாமும் உடனே மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டோம். பூங்காவில் நால்வருக்கும் நுழைவுக் கட்டணம். கடலுக்குக் கட்டணமே இல்லை. ஒரு நாள் பணம் கொடுத்து விளையாடிவிட்டு, மூன்று நாள் இலவசமாக விளையாடலாம். பேஷான யோசனை என்று ஒப்புக்கொண்டோம். அந்தக் கணக்கில் ஒரு பெரிய பிழை இருந்தது. கணக்கு உபாத்தியாயர்களும் சில சமயம் தவறு செய்வது உண்டு என்று மாணவர்கள் அறிய நேர்ந்தாலும் பாதகமில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

பூங்காவில் கழிந்த நாள் சந்தோஷமான நாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழுக்கு மரத்தைப் பிளாஸ்டிக்கில் செய்து வளைத்து விட்டது போன்ற சறுக்குகளில் குழந்தைகள் ஏறி இறங்கினார்கள். ராட்டினத்தில் சுற்றினார்கள். ஆனால் அவர்கள் மனத்தைக் கொள்ளை கொண்டது அலைக்குளந்தான். இத்தகைய குளங்களில் ஒரு கோடியில் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் அறைகள் அமைத்திருப்பார்கள். அறையிலுள்ள நீரைக் காற்றால் அமுக்கியும் விட்டும் தள்ளினால் குளம் முழுவதும் ஏறி இறங்கத் தொடங்கும். அலை எழுப்புவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். எழுப்பிய சிறிது நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஊதலும் கையுமாக ஆட்கள் கரையில் நிற்கிறார்கள். குளத்தின் ஆழம் சுவரில் எழுதியிருக்கிறது.

அமெரிக்காவில் அரிஸோனா பாலைவனத்தில் டெம்பி என்னும் ஊரில் 1969-ஆம் வருஷத்திலேயே இப்படி ஒரு பெரிய அலைக்குளத்தைத் திறந்தார்கள். சமுத்திரத்தை விட்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வசிப்பவர்கள் அலைக்கு ஆசைப்பட்டுச் செய்த காரியம் அது, நியாயந்தான். நாமோ மூன்று கடல் கூடும் முனையில் நின்றுகொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி குளத்து அலைக்குக் காத்திருந்தோம். இதை இளையவனிடம் சொன்னபோது, "அந்தக் கடல் எப்போ அலை விடும்னு தெரியாதேப்பா, இதுதான் மணி அடிச்சுச் சொல்லுது" என்றான். குழந்தை வாக்கில் எவ்வளவு விஷயம் அடங்கியிருந்தது என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் எல்லாவற்றையும் பார்த்தோம். இவற்றைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, ஆகவே விட்டுவிடுகிறோம். நாகர்கோவில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி மண்டைக்காடு போய்ச் சேர்ந்தோம். கன்னியாகுமரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வழி நெடுக வயலும் வாழையும் தென்னையும், நடுநடுவே அல்லிக் குளங்களும். 'ரயிலிலேயே வந்துவிடலாமே' என்பவர்கள் இரணியல் ஸ்டேஷனில் இறங்கலாம்; கிட்டத்தில்தான் இருக்கிறது.

ஜாகை விஷயத்தில் ஒரு வார்த்தை. 'அறையிலிருந்தே கடல் காட்சி' என்று விளம்பரம் செய்திருந்த ஒரு விடுதியில் முன்பணம் கட்டியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிந்தது வாஸ்தவம்; அது பக்கத்துக் கட்டிடத்து மாடித் தொட்டித் தண்ணீர். முன்பணம் போனாலும் போகிறது என்று கோயிலுக்குப் போகும் சாலையில் வேறொரு சாதாரண இடத்தில் அறை எடுத்துக்கொண்டோம். கோயிலிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இரவில் விளக்கை அணைத்த பிறகு அலையோசை கேட்டது. அந்த ஓசைக்கு யாரும் விளம்பரம் செய்திருக்கவில்லை.

மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயிலில் மூலஸ்தானத்தில் இருப்பது ஒரு புற்று. சுமார் 15 அடி உயரம் வளர்ந்த அந்தப் புற்றின்மேல் சந்தனம் சாத்தி முகம் அமைத்து வழிபடுகிறார்கள். 'பெண்களின் சபரிமலை' என்று இதற்குப் பெயர். மாசி மாதத்தில் பத்து நாள் நடக்கும் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி தாங்கி வருகிறார்கள். தலைநோவு தீர அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பது இங்கே வழக்கம். நாற்பது பேர் அடங்கிய வகுப்பை இருபது வருஷமாக மேய்த்துவரும் நாம் அந்த நேர்த்தியின் அவசியத்தை உடனே உணர்ந்தோம்.

ஆனால் நம்மை யோசிக்க வைத்த விஷயம் வேறு. கொடைக்கு வரும் குடும்பங்கள் அம்மனைத் தரிசித்ததும் திரும்பிவிடுவதில்லை. கடலில் நீராடுகிறார்கள், வெட்டவெளியில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் இடுகிறார்கள், குழந்தைகள் திருவிழாக் கடைகளைச் சுற்றி வருகிறார்கள். திருவிழா வேடிக்கையோடு கடற்கரைவாசத்தையும் சேர்த்து அநுபவிக்கும் வித்தையை நமது சகதர்மிணி புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை! இந்த மண்ணில் அது பழக்கமாகிப் போன காரியம். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் கடலை அம்மனுக்கு அடுத்தபடியாகப் பயபக்தியோடு அணுகுகிறார்கள். நாமோ இலவசம் என்று வந்திருந்தோம்.

முதல் நாள் மாலை கடற்கரைக்குப் போனோம். நாலரை மணி இருக்கும். அலைகள் வரிசையாக வந்து நுரைத்து உடைந்துகொண்டிருந்தன. வரிசைக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் பத்து, பதினைந்து கஜ அகலத்துக்கு அலையே உடையவில்லை. நீர் சற்றுக் கறுத்து, சாதுவாகக் கிடந்தது. "குழந்தைகள் இறங்க அந்த இடந்தான் தோது" என்று நாம்தான் சுட்டிக்காட்டினோம். சொல்லி வாய் மூடுவதற்குள் இளையவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். முந்தின நாள் பூங்காவில் எப்படி ஓடினானோ, அப்படியே.

"மக்களே, நில்லு!" என்று ஒரு குரல் கேட்டது.

வள்ளத்தின் நிழலில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், அந்த வயதுக்கு நம்ப முடியாத வேகத்தில் ஓடி வந்து பையனின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அப்போது அவன் கணுக்கால்தான் நனைந்திருந்தது.

"சாரே, பிள்ளைகள இதுல எறக்காதீங்க. அலை உடையாம சும்மா கெடக்கே, அதுதான் இழுக்கிற எடம்" என்றார்.

பௌதிக சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கிய நமக்குத் தலை குனிவாய் இருந்தது. விஷயம் மிகவும் எளிது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். அது தாழ்ந்த இடமாகப் பார்த்து ஒன்றுகூடி, ஒரு வாய்க்கால் போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. அந்த வாய்க்காலில் ஆழம் அதிகமாகையால் அலை உடைவதில்லை. ஆகவே பார்வைக்கு அதுவே அமைதியான இடம். அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்து மூழ்குகிறான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். இதையெல்லாம் நாம் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் படித்தது கண்ணுக்கு வந்து சேரவில்லை. கிழவருக்குக் கண்ணிலேயே இருந்தது.

பையன் விடவில்லை. "தாத்தா, இங்கே மணி எப்போ அடிப்பாங்க?" என்று கேட்டான். அவர் புரியாமல் நம் முகத்தைப் பார்த்தார். அலைக்குளத்துச் சங்கதியை விளக்கினோம். நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இங்க மணி கிடையாது மக்களே. நாமதான் பாத்துகிடணும்" என்றார்.

வாசகர்கள் இதைச் சிறிய விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. இதே ஜில்லாவில், கணபதிபுரத்துக்குப் பக்கத்தில் லெமூர் கடற்கரை என்று ஓர் அழகிய இடம் இருக்கிறது. 2024-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, கல்யாணத்துக்கு வந்திருந்த வைத்தியக் கல்லூரி மாணவர்கள் அங்கே உல்லாசமாகக் கடலோரம் நின்றிருந்தபோது பேரலையில் சிக்கி ஐந்து பேர் மாண்டார்கள். நாளைக்குப் பிறர் உயிரைக் காப்பாற்ற வேண்டியவர்கள்! அன்று புயல் இல்லை, மழை இல்லை. வானம் வெளுத்துத்தான் இருந்தது.

அன்று வந்ததற்கு இந்தக் கரையில் பெயர் 'கள்ளக்கடல்.' தெற்கே, வெகு தொலைவில், தென் சமுத்திரத்தில் எங்கோ அடிக்கும் புயற்காற்று நீளமான அலைகளை எழுப்பிவிடுகிறது. அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களைச் சில நாட்களில் கடந்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. கரையில் காற்றே இராது. ஆகவே முன்னறிகுறியும் இராது. திருடன் போலச் சொல்லாமல் வந்து கரையேறுவதால் மீனவர்கள் இட்ட பெயர் அது. 2012-ல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது. கட்டுமரக்காரர்களின் சொல் ஒன்று உலக சாஸ்திரிகளின் அகராதியில் ஏறியிருப்பது நமக்குப் பெருமையல்லவா? ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டிக் கணித்து எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதத்திலும் எச்சரிக்கை வெளியாகித்தான் இருந்தது. எச்சரிக்கை இருந்தது, அது கரையில் நின்றவர்களின் காதுக்கு எட்டவில்லை. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது சரியாக நமது பள்ளிக்கூட விடுமுறையில், கள்ளக்கடல் தலை காட்டுகிறது என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது இந்தக் கரையில் இறங்கும் பேச்சே கூடாது.

நமது கணக்கில் இருந்த பிழை இப்போது விளங்கியிருக்கும். பூங்காவில் நாம் கொடுத்த காசு, அலைக்கு மட்டும் கொடுத்ததல்ல. ஊதல் ஊதும் ஆளுக்கும், ஆழம் எழுதிய சுவருக்கும், அலையை நிறுத்தும் கைக்கும் சேர்த்துக் கொடுத்தது. கடற்கரையில் அந்தக் காசு மிச்சம். ஆனால் அந்த ஆளின் உத்தியோகம் தகப்பன், தாய் தலையில் வந்து விடிகிறது. மூன்று நாளும் நம்மில் ஒருவர் கரையில் நின்று குழந்தைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது என்றும், அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடுவதில்லை என்றும் ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டாவது நிபந்தனையை மீறிப் பிடிபட்டவர் யார் என்பதை இங்கே வெளியிடுவதற்கில்லை.

கடலில் இறங்காவிட்டால் கடற்கரையில் என்ன செய்வது என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் பயந்தோம். ஆனால் பொழுது போதவில்லை!

மறுநாள் விடியற்காலையில் கரைமடி இழுத்தார்கள். வளைத்து விட்ட வலையின் இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரு கூட்டத்தார் இழுத்து வந்தார்கள். கிழவர் கண் காட்டவே, நமது குழந்தைகளும் வால்பக்கத்தில் கயிற்றைப் பற்றிக்கொண்டார்கள். அவர்கள் இழுத்ததால் வலை வந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களோடு சேர்ந்து வந்தது என்று சொல்லலாம். மடி நிறைய நெத்திலியும் சாளையும் துள்ளின. மூத்தவளின் உள்ளங்கை சிவந்து போயிற்று. ஒவ்வொரு நாளும் இப்படித்தானா என்று கேட்டாள். "ஒண்ணுங் கிடைக்காத நாளும் உண்டு, பிள்ளே" என்று பதில் வந்தது. அவள் அதற்குப் பிறகு நெடுநேரம் பேசவில்லை.

பிற்பகலில் கிழக்கே மணவாளக்குறிச்சிப் பக்கம் போனோம். அங்கே மணலே வேறு. கறுப்பும் சிவப்புமாகக் கோலமிட்டது போல் கிடக்கிறது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இவற்றோடு தேன் நிறத்தில் மோனசைட்டும் கலந்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-ல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியத்தைக் கொண்டுதான் காஸ் விளக்குகளின் மேன்டில் செய்தார்கள். நம் பாட்டனார் காலத்துக் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கும் இப்படிப்பட்ட மணலுக்கும் உறவு உண்டு என்றால் யார் நம்புவார்கள்? சுதந்திர இந்தியாவில் அந்த மணலைப் பிரித்தெடுக்கும் வேலையை மத்திய சர்க்கார் நிறுவனம் நடத்திவருகிறது.

மேற்கே குளச்சல், நாலைந்து கிலோமீட்டர். 1741 ஆகஸ்டு 10-ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த இடம்; ஐரோப்பியக் கம்பெனி ஒன்று இந்திய அரசனிடம் மண்ணைக் கவ்விய கதை. சரித்திரப் பாடத்தில் இரண்டு வரியில் முடித்துவிடும் அந்தச் செய்தியை, வெற்றித் தூணுக்கு எதிரில் நிறுத்தி வைத்துச் சொன்னோம். பிடிபட்ட தளபதி டிலென்னாய் பிற்பாடு அதே மன்னருக்குப் படை பயிற்றி, உதயகிரிக் கோட்டையில் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பதைக் கேட்டதும், "தோத்தவருக்கே வேலை குடுத்தாரா?" என்று இளையவன் வியந்தான்.

குளச்சலுக்குப் போகும் வழியில் கொட்டில்பாடு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் சுனாமி இந்தக் கரையைச் சூறையாடியது. கடற்கரை ஊர்களுக்குப் பின்னால் திருவிதாங்கூர் அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கிடக்கிறது. முன்னால் கடல்; பின்னால் கால்வாய். ஓடியவர்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். இந்த ஜில்லாவில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். கிழவரிடம் அதைப் பற்றிக் கேட்க வாய் எடுத்தோம். அவர் வலை ஊசியை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்காமல் விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கடற்கரை விளையாடும் இடம். இங்கே குடியிருப்பவர்களுக்கு அது முற்றம், களம், தொழிற்சாலை எல்லாமே. கோயிலும் தேவாலயமும் ஒரே அலையோசையைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றன. 1982 மார்ச்சில் கொடை நாட்களில் இந்தக் கரையில் இரு சமயத்தாரிடையே கலவரம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகம் வரையில் போய் உயிர்கள் பலியாயின. நீதிபதி வேணுகோபால் கமிஷன் அதை விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பாரிடமும் பேசிச் சமாதானத்துக்குப் பாடுபட்டார். கடலுக்குப் போகும் பாதை பொதுவானது என்பதாலேயே அதில் நடப்பவர்களுக்கு அடக்கம் வேண்டும். உலர்த்திய மீன்மேல் ஓடுவதும், வலையை மிதிப்பதும், கேளாமல் போட்டோ எடுப்பதும், தின்ற பொட்டலத்தை எறிவதும் பட்டணத்தார் சாதாரணமாகச் செய்யும் காரியங்கள். நமது இளையவன் காய வைத்திருந்த வலையில் கால் சிக்கி விழுந்தான். அவனையே உட்கார்த்தி வைத்துச் சிக்கெடுக்கச் சொன்னார் கிழவர். அரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு அவன் கற்ற பாடங்களில் அதுவே கஷ்டமானது.

நம்மைப் போல் புறப்பட எண்ணுகிறவர்கள் பூங்காவை முதலிலும் கடலைப் பிற்பாடும் வைத்துக்கொள்வதே நலம். மாற்றி வைத்தால் கடலருகே இருக்கும் நாளெல்லாம் "பூங்கா எப்போது?" என்ற நச்சரிப்பு ஓயாது. குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும். முதல் நாள் குழந்தைகள் ஏமாற்றத்தில் சிணுங்குவார்கள். இரண்டாம் நாள்தான் கண் திறக்கிறது. ஆகாரத்துக்குக் கவலையே இல்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இந்த ஊரின் சொத்து. மீன் ஆகாதவர்களை நாஞ்சில் நாட்டு ரசவடையும் மட்டிப் பழமும் கைவிடமாட்டா. கறுப்பு மணல் உச்சிவேளையில் காலைப் பொசுக்கிவிடும். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நாம் ஆடிய ஆட்டத்தைக் குழந்தைகள் பூங்காவின் எந்த வேடிக்கையைக் காட்டிலும் ரசித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கடல் ஏனோ தணிந்திருந்தது. கிழவர் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெகு நேரம் பார்த்தார். மண்ணை அள்ளி நீரில் எறிந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தார். பிறகு கொஞ்சம் கிழக்கே நடந்து போய், "இங்க எறங்கலாம். முட்டளவுக்கு மேல வேண்டாம்" என்றார். நால்வரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினோம். கிழவர் கரையிலேயே நின்றார். ஒவ்வொரு பெரிய அலை எழும்போதும் அவர் "ஓய்!" என்று ஒரு குரல் கொடுத்தார், குழந்தைகள் கெக்கலி கொட்டிக்கொண்டு குதித்தார்கள். கால் மணி நேரந்தான். போதும் என்று கையைக் காட்டினார். மறுபேச்சில்லாமல் ஏறி வந்தோம்.

அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நமது சகதர்மிணி பணத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "சாரு பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பீங்கள்லா, அந்த இழுக்கிற எடத்தப் பத்தி?" என்று மட்டும் கேட்டார். பள்ளி திறந்த முதல் வாரத்தில், பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினோம். அலை உடையாத இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், போன வருஷம் நாங்க அங்கதான் சார் குளிச்சோம்" என்றான்.